எதிர்த்து யாரும் நிற்காத நாற்காலி

பதில் சொல்லிவிட்டால் எழுந்து போய்விடுவார். எந்தப் பதிலாக இருந்தாலும் போய்விடுவார். எதையும் சொல்லாமல் இருக்கும்வரைதான் இந்தச் சாப்பாட்டு அறையில் இன்னொரு மனிதக் குரல் இருக்கும் என்று லெட்டிஷியா கிட்ரிட்ஜ் நினைத்துக்கொண்டாள். ஹாலோவெல் கவுண்டியின் மாநில செனட்டராக இருந்த கணவன் லூஷியஸ் இறந்த பிறகு இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசுகிறவர் அவனுடைய அண்ணன், ஊர் ஜட்ஜ், ஒருவர்தான். ஞாயிறுதோறும் வருவார். இன்று வெள்ளிக்கிழமை. சாப்பிட வரவில்லை, கேட்க வந்திருக்கிறார். அவர் கேட்கிற சொல்லை அவள் வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அதில் தன்னுடையது என்று எதுவும் தட்டுப்படவில்லை.

— லெட்டி, நான் சொல்றது காதுல விழுதா?

— விழுது, ஜட்ஜ்.

— அப்புறம் ஏன் ஜன்னலையே பாத்துட்டிருக்க?

— பஞ்சுக் காட்டுல களை கொத்துறவங்க பாடுறாங்க. அதக் கேட்டுட்டிருந்தேன்.

— அவங்க பாடட்டும். நீ நான் சொல்றதக் கேளு. இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. நாலு மணிக்கு கோர்ட்டுப் படிக்கட்டு. புல்தரைல காலைலேருந்து பன்னி வாட்டுறாங்க. ஜனம் சாப்பிட்டு முடிச்சு மர நிழல்ல சாஞ்சிருக்கும். நீ மேல நிப்ப. வலப்பக்கம் நான், இடப்பக்கம் என் பையன் பிரெஸ்காட். 'இந்த எலக்ஷன்ல நான் நிக்கல. என் வீட்டுக்காரர் உக்காந்த இடத்துல இனி பிரெஸ்காட் உக்காரட்டும்.' முடிஞ்சுது. ரெண்டே வாக்கியம்.

— மூணு வரும்.

— என்ன மூணு?

— 'ஹாலோவெல் கவுண்டி மக்களுக்கு நன்றி'ன்னு ஒண்ணு சொல்லணுமில்ல.

— பாத்தியா. செனட்டுல உக்காந்துட்டு வந்தவன்னா சும்மாவா. சொல்லிக்கோ, சொல்லிக்கோ. நன்றி சொன்னா யாருக்கு நஷ்டம்.

— சொல்லலன்னா?

— நன்றியா?

— மத்த ரெண்டையும்.

— சிரிக்க வைக்காத, லெட்டி. புதுப் பல்லு கட்டியிருக்கேன், ஆடுது.

— நெஜமாத்தான் கேக்குறேன். நான் சொல்லலன்னா பிரெஸ்காட் என்ன பண்ணுவான்?

— அவனால ஒண்ணும் பண்ண முடியாது. இல்லன்னா நான் ஏன் இந்த வெயில்ல இவ்வளவு தூரம் வரப்போறேன். இந்தக் கவுண்டில விதவைய எதிர்த்து ஒரு ஆம்பளையும் பேர் கொடுக்க மாட்டான். புருஷன் உக்காந்த இடம், அவளா வேண்டாம்னு வாய் திறந்து சொல்ற வரைக்கும் அவளுது. உனக்குத் தெரியாததா?

— தெரியும். ஆனா அது சட்டம் இல்லையே.

— சட்டம்னா மாத்திடலாம். இத எப்படி மாத்துவ? எங்க அப்பா காலத்துல ஓரன் ஸ்டைல்ஸ்னு ஒருத்தன் இருந்தான். ஜின்னிங் மில் வச்சிருந்தான், கையில நல்ல காசு. ஷெரிஃப் செத்துப்போனார். மிச்ச காலத்துக்கு அவர் சம்சாரத்த உக்கார வச்சாங்க. அடுத்த எலக்ஷன்ல இவன் என்ன பண்ணான், அந்தம்மாவ ஒரு வார்த்த கேக்காம பேர் கொடுத்துட்டான். அவனப் பெத்தவ கூட அவனுக்கு ஓட்டுப் போடல. மில்லுக்கு ஒருத்தனும் பஞ்சு கொண்டு போகல. சர்ச்சுல அவன் உக்காந்த வரிசைல வேற யாரும் உக்காரல. கடைசில எல்லாத்தையும் வித்துட்டு டெக்சாஸ் பக்கம் போயிட்டான்.

— அந்தம்மா என்ன ஆனாங்க?

— யாரு?

— ஷெரிஃபோட சம்சாரம்.

— அது யாருக்கு ஞாபகம் இருக்கு. விடு. இப்ப பிரெஸ்காட்டோட வேட்புமனு தலைநகர்ல தயாரா இருக்கு. நம்ம ஆள் ஒருத்தன் கட்சி ஆபீசுக்கு எதிர்த்த ஓட்டல்ல மனுவோட உக்காந்திருக்கான். நீ படில நின்னு சொன்னதும் நான் கோர்ட்டு டெலிபோன்ல அவனக் கூப்பிடுவேன். அவன் தெருவத் தாண்டிப் போய்க் கொடுப்பான். அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடும். இன்னிக்குத்தான் கடைசி நாள்.

— கடைசி நாள் வரைக்கும் ஏன் காத்திருந்தீங்க?

— துக்கத்துல இருக்கிறவள அவசரப்படுத்துறது மரியாதையா?

— அப்ப இன்னிக்கு என் துக்கம் முடிஞ்சிடுச்சா?

— லெட்டி.

— சும்மா கேட்டேன்.

— உன்ன அங்க உக்கார வச்சதே நான்தான். மறந்துடாத.

— எப்படி மறப்பேன். அடக்கத்துக்கு மறுநாள். ஊர்க்காரங்க கொண்டுவந்து வச்ச பன்னிக்கறியும் சோளரொட்டியும் இந்த மேசைல அப்படியே இருந்துச்சு. நீங்க அஞ்சாறு பேரு வந்தீங்க. தொப்பியக் கழட்டி மடில வச்சுக்கிட்டீங்க. 'லெட்டி, நீ கொஞ்ச நாள் போய் அங்க உக்காரணும்'னீங்க. நான் சர்ச்சுலயோன்னு நினைச்சேன்.

— நல்லாத்தான் உக்காந்த. உன்னப் பத்தி ஒரு புகார் வரல.

— மொத நாள் பேர் கூப்பிட்டப்ப, அந்த எழுத்தருக்கு என்ன எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல. அந்த சபைல எல்லாரும் 'இன்ன கவுண்டிக் கனவான்' தானே. ரொம்ப நேரம் பாத்துட்டு 'ஹாலோவெல் கவுண்டிக் கனவான்'னே கூப்பிட்டுட்டார்.

— நீ என்ன பண்ண?

— 'இருக்கேன்'னு சொன்னேன். வேற என்ன சொல்ல.

— நல்ல பதில். கனவான். இத நான் கிளப்புல சொல்லணும். பாரு லெட்டி, எங்க தாத்தா இந்த ஆத்தங்கரைக் காட்ட வெட்டி மொதப் பஞ்சு போட்டப்ப இங்க கவுண்டியே கிடையாது.

— காட்ட வெட்டினது தாத்தாவா?

— வெட்ட வச்சார். உனக்கு இன்னிக்கு எல்லாத்துக்கும் ஒரு குறுக்குக் கேள்வி. ஒரு பத்திரம் பதியணும்னா பக்கத்துக் கவுண்டிக்குக் குதிரைல போகணும், சதுப்பு வழியா. மனுஷன் வெறுத்துப்போய் ரெண்டு பீப்பாய் விஸ்கியோட தலைநகருக்குப் போனார். திரும்பி வரப்ப பீப்பாய் காலி, கையில கவுண்டி. அன்னிலேருந்து அந்த செனட் நாற்காலி எங்க வீட்டு நாற்காலி. தாத்தா, அப்பா, அப்புறம் லூஷியஸ். மூணு பேரு படமும் கோர்ட்டுச் சுவத்துல தொங்குது.

— நாலாவதா ஒரு ஆணி அடிச்சிருக்கே. போன மாசம் பாத்தேன்.

— அது பிரெஸ்காட்டுக்கு.

— எனக்கோன்னு நினைச்சேன்.

— உனக்கா? அந்தத் தூசிக்கு நடுவுல உன் படம் எதுக்கும்மா. வா, வெர்னெல், வா. இந்த எலுமிச்சை கேக்குக்காகத்தான் நான் இன்னும் சாகாம இருக்கேன்.

— அப்ப தினமும் சுட்டுடறேன், ஜட்ஜ்.

— கேட்டியா லெட்டி, உன் சமையக்காரி நாக்க. சரி, உன் பிள்ளைங்கல்லாம் எப்படி இருக்காங்க, வெர்னெல்?

— வளந்துட்டிருக்காங்க, ஜட்ஜ்.

— அந்த நெட்டப் பொண்ணு, பேரு என்ன?

— அயோனா.

— நல்லாப் பஞ்சு எடுக்குறாளாமே. எங்க மேஸ்திரி சொன்னான்.

— படிப்பும் நல்லா வருது, ஜட்ஜ்.

— வரட்டும், யாரு வேண்டாம்னா. பஞ்சு வெடிக்கிற காலத்துல உங்க கறுப்புப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்த மூடுறது உங்களுக்கும் நல்லதுதானே. நாலு பேரு எடுத்தா நாலு கூலி. நான் சொல்றது சரியா, தப்பா?

— ஜட்ஜ் சொன்னா சரிதான். டீ இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா? ஐஸ் கரைஞ்சுபோச்சு.

— ஊத்து. போதும், போதும். நீ போ. பாத்தியா லெட்டி, அவளே சொல்லிட்டா. அந்த மலைப்பக்கத்து செனட்டருங்க, ஒரு பஞ்சுச் செடியக் கண்ணால பாக்காதவங்க, மசோதா கொண்டு வராங்க. கறுப்புப் பிள்ளைங்க பள்ளிக்கூடமும் வெள்ளப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் மாதிரி வருஷம் பூரா திறந்திருக்கணுமாம். அப்ப என் பஞ்ச யாரு எடுப்பா? அவங்க பொண்டாட்டிங்களா?

— நீங்கதான் மெஷின் வாங்கியிருக்கீங்களே.

— மெஷின் ஈர நிலத்துல இறங்காது. இறங்கினாலும் பஞ்சோட பாதிச் செடிய மென்னு துப்புது. அது கிடக்கட்டும். அந்த மசோதா குழுவுலயே செத்திருக்கணும். ஒரு ஓட்டுல பிழைச்சுப்போச்சு. நீ போடாத ஓட்டு.

— அதான் அன்னிக்கே சொன்னேனே. அந்தக் கட்டடத்துல பொம்பளைங்க ஒதுங்க இடமே கிடையாது. கீழ நூலகத்துக்கு இறங்கிப் போகணும். நான் ஏறி வரதுக்குள்ள ஓட்டெடுத்து முடிச்சுட்டாங்க.

— அத நான் கிளப்புல சொன்னப்ப பாங்க்கர் சிரிச்சு சிரிச்சு நாற்காலிலேருந்து விழுந்துட்டார். ஒரு கவுண்டியோட தலையெழுத்து ஒரு பொம்பளையோட—

— வேண்டாம், ஜட்ஜ்.

— சரி, சொல்லல. ஆனா சபை முடிஞ்சதால நின்னுபோன அந்த மசோதா அடுத்த சபைல திரும்ப வரும். அப்ப பிரெஸ்காட் இருப்பான். அவன் படி இறங்க மாட்டான்.

நூலகத்துக்குப் போகும் படிக்கட்டில் அன்று அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பளிங்குப் படி. குளிர் பாவாடையைத் தாண்டி ஏறியது. மேலே எழுத்தர் பெயர்களைக் கூப்பிடுவது நன்றாகவே கேட்டது. ஏறிப்போக நேரம் இருந்தது. முழங்காலும் நன்றாகத்தான் இருந்தது. நல்ல காரியம் செய்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. 'ஹாலோவெல் கவுண்டிக் கனவான்' என்று கூப்பிடப்பட்டபோது, தான் இல்லாததை அந்தக் குழு முழுவதும் கவனித்தது என்பதைத்தான் முதலில் உணர்ந்தாள். வாழ்நாளில் அப்படி யாரும் கவனித்ததில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றி நினைத்தது பிறகுதான், ரயிலில் திரும்பும்போது.

— என்ன யோசனை?

— ஒண்ணுமில்ல.

— அங்க உனக்கு அப்படி என்ன சுகம், எனக்குப் புரியல. தலைநகர்ல மிஸஸ் ஹப்பிளோட விடுதில ஒரு மாடி அறை. பக்கத்துல ரயில் தண்டவாளம். கட்டி தட்டின சோளக்கஞ்சி. இங்க இவ்வளவு பெரிய வீடு.

— அங்க ராத்திரிச் சாப்பாட்டு மேசைல எடமே இருக்காது, ஜட்ஜ். முழங்கையோட முழங்கை இடிக்கும்.

— கண்டவனும் உக்காருவான்.

— கண்டவங்கதான். விதை விக்கிறவர் ஒருத்தர். ஒரு பல் டாக்டர். பாதி நாள் பல்லப் பத்தியே பேசுவார். உப்ப இந்தப் பக்கம் தள்ளுங்கம்பாங்க. ஏதாவது பேச்சு வந்தா 'நீங்க என்ன நினைக்கிறீங்க, மிஸ் லெட்டி'ன்னு கேப்பாங்க.

— ஏன், நான் கேக்கலையா?

— நீங்க கேட்டதில்ல, ஜட்ஜ். பரவாயில்ல.

— உன் கஷ்டம் எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கல.

— லூஷியஸ் அங்க தங்கினப்ப பாடுவாராம்.

— யாரு?

— உங்க தம்பி. சாப்பாடு முடிஞ்சதும் பியானோ பக்கத்துல போய் நின்னுக்குவாராம். மிஸஸ் ஹப்பிள் வாசிப்பாங்களாம். நான் போன மொத நாளே, தட்டு எடுக்கறப்ப கேட்டாங்க, 'வீட்டுலயும் இப்படித்தான் பாடிட்டே இருப்பாரா'ன்னு.

— நீ என்ன சொன்ன?

— ஆமான்னு சொன்னேன்.

— ம்.

— இங்க குளிர்காலம் முழுக்க நான் தனியா இருப்பேன். வசந்தத்துல வருவார். பஞ்சு விதச்சாச்சா, ஆத்துல தண்ணி ஏறிச்சா, இவ்வளவுதான் பேச்சு. அவர் அப்படித்தான்னு நான் நினைச்சுக்கிட்டேன். அமைதியான மனுஷன், அமைதியான வீடுன்னு.

— சின்னதுல பாடுவான். இந்த வீடு பூரா கேக்கும். ஒரு நாள் அப்பா, 'பொட்டச்சி மாதிரி என்னடா ராகம்'னு கேட்டார். விருந்தாளிங்க முன்னால. அதோட சரி. அதுக்கப்புறம் நான் கேட்டதே இல்ல. என்ன பாட்டு பாடுவானாம்?

— கேக்கல. கேட்டா, எனக்குத் தெரியலங்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சிடும்.

— எங்கிட்ட கூட சொல்லல பாரேன் அவன்.

— எங்கிட்டயும்தான்.

— சரி. போனவன் போயிட்டான். பிரெஸ்காட் வந்து சேந்துட்டானான்னு ஒரு டெலிபோன் பண்ணிட்டு வரேன். நடைலதானே இருக்கு? நீ கையுறை, தொப்பியெல்லாம் எடுத்து வை.

— பண்ணுங்க. வெர்னெல், இங்க வாயேன்.

— கேக்க எடுத்துடட்டுமா, மிஸ் லெட்டி?

— இருக்கட்டும். கொஞ்சம் உக்காரேன். ஜட்ஜ் டெலிபோன்ல இருக்கார்.

— உக்காந்தா அவர் வரப்ப எந்திரிக்கணும். உக்காரறது சுலபம், எந்திரிக்கிறதுதான் எனக்கு ஆகாது.

— இவ்வளவு பெரிய வீட்டுல பகல் முழுக்க நாம ரெண்டு பேருதான். நீ அடுக்களைல தனியா சாப்பிடற. நான் இங்க தனியா சாப்பிடறேன். நடுவுல ஒரு கதவு.

— ஆமா.

— உனக்கு ஒரு மாதிரியா இருக்காதா?

— எனக்கு அந்த நேரம்தான் ஓய்வு, மிஸ் லெட்டி. வீட்டுக்குப் போனா எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க.

— நாங்க பேசினது உனக்குக் கேட்டிருக்கும்.

— எனக்கு இந்த வீட்டுல காது கேக்காது.

— வெர்னெல்.

— கொஞ்சம் கேட்டுச்சு.

— இன்னும் நேரம் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?

— அத எங்கிட்ட கேக்காதீங்க.

— வேற யார்கிட்ட கேப்பேன்?

— அது பாவம்தான். ஆனா எங்கிட்ட கேக்காதீங்க. நீங்க நின்னாலும் பிரெஸ்காட் தம்பி நின்னாலும் எனக்கு ஓட்டு இல்ல. எங்க வீட்டுக்காரர் போருக்குப் போயிட்டு மெடலோட வந்தார், அவருக்கும் இல்ல. போன வருஷம் சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு பேர் பதியப் போனார். கோர்ட்டு வாசல்லயே நிறுத்திட்டாங்க. என்ன சொல்லித் திருப்பி அனுப்பினாங்கன்னு என்கிட்டயே அவர் சொல்லல.

— நீ சொல்லவே இல்லையே.

— யார்கிட்ட? அது ஜட்ஜோட கோர்ட்டு. நான் ஜட்ஜோட தம்பி வீட்டுல சோறாக்குறவ.

— அந்தப் பள்ளிக்கூட மசோதா—

— செப்டம்பர்ல வெள்ளப் பிள்ளைங்க பஸ் எங்க வீட்டு வாசல் வழியாத்தான் போகும். அயோனா தோள்ல பஞ்சுச் சாக்க மாட்டிக்கிட்டு நின்னு பாப்பா. தினமும் பாப்பா. கைய ஆட்டக் கூட மாட்டா.

— எனக்கு அது தெரியாது.

— மிஸ் லெட்டி, ஒண்ணு சொல்லட்டுமா. கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு.

— உங்களுக்குப் பேச ஆள் இல்ல. அது ஒரு கஷ்டம், இல்லங்கல. எனக்கு வேற கஷ்டம். ரெண்டையும் ஒரே பாத்திரத்துல போட்டுக் கிண்டாதீங்க. நீங்க நிக்கணும்னா உங்களுக்காக நில்லுங்க. என்னப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க. நாளைக்கு உங்களுக்கு அலுத்துப்போனா, எங்க மேல பழி வரும்.

— நீ என்மேல கோவமா இருக்கியா?

— டெலிபோன வச்ச சத்தம் கேக்குது. நான் போறேன்.

— எல்லாம் தயார், லெட்டி. பிரெஸ்காட் வெள்ளை சூட்டுல வந்து நிக்கிறானாம். பொண்டாட்டி, குழந்தைங்க எல்லாம் வந்தாச்சு. பாண்டு வாத்தியக்காரங்க ரெண்டாவது தட்டு சாப்பிடறாங்களாம். இன்னும் தொப்பி எடுக்கலையா நீ?

— ஜட்ஜ், அப்புறம் என்ன ஆகும்?

— அப்புறம் என்ன. கைதட்டுவாங்க. பாண்டு வாசிப்பாங்க.

— எனக்கு. நாளைக்குக் காலைல.

— நீ ராணி மாதிரி இருப்ப. நல்லவேளை நீயே கேட்ட, நானும் சொல்லணும்னு இருந்தேன். பிரெஸ்காட் குடும்பம் பெருசாயிடுச்சு. செனட்டர் வீடுன்னா இந்த வீடுதான்னு ஜனத்துக்குப் பழக்கம். அதனால அவங்க இங்க வந்துடுவாங்க. உனக்கு மாடில கிழக்குப் பக்கத்து அறை. ஜன்னலத் திறந்தா ஆறு. சாப்பாடு மேலயே வந்துடும். குழந்தைங்க சத்தம் கேக்காத மாதிரி கதவு போட்டுத் தரேன். யாரும் உன்னத் தொந்தரவு பண்ண மாட்டாங்க.

— யாருமா?

— ஒருத்தரும். நான் பாத்துக்குறேன்.

அவர் அன்பாகத்தான் சொன்னார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அந்த அறையை அவள் அறிவாள். லூஷியஸின் அம்மா அங்கேதான் கடைசிக் காலத்தைக் கழித்தாள். மாடிப்படியில் தட்டு ஏறும், தட்டு இறங்கும். அவள் இறந்த அன்று மாலைத் தட்டு இறங்கி வந்த பிறகுதான், அதில் எதுவும் தொடப்படவில்லை என்று யாரோ பார்த்தார்கள்.

— நான் வரல, ஜட்ஜ்.

— எங்க?

— கோர்ட்டுப் படிக்கட்டுக்கு.

— தலைவலியா?

— இல்ல.

— வெயிலா? குடை பிடிக்கச் சொல்றேன்.

— வெயில் இல்ல, ஜட்ஜ்.

— உனக்கு யாரோ ஓதியிருக்காங்க. யாரு, அந்த மலைப்பக்கத்து ஆளா? உன்கிட்ட வந்து வந்து பேசினானா?

— யாரும் ஓதல. ஓதியிருந்தா இப்ப உங்ககூட சேந்து நானும் அவங்களத் திட்டியிருப்பேன். அது சுலபமா இருந்திருக்கும்.

— பாரு லெட்டி, நான் மெதுவாத்தான் சொல்றேன். இது கிட்ரிட்ஜ் வீடு. நீ இருக்கலாம்னு லூஷியஸ் உயில்ல இருக்கு. உன்னுதுன்னு இல்ல.

— தெரியும்.

— ஊர் என்ன பேசும் தெரியுமா? புருஷன் நாற்காலில கொஞ்ச நேரம் உக்கார வச்சா, எந்திரிக்க மாட்டேங்குறான்னு பேசும்.

— என்னப் பத்தி ஊர் பேசி ரொம்ப நாளாச்சு.

— விளையாடாத. நான் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன். அத யோசிச்சியா? நான் வர மாட்டேன், என் மருமக வர மாட்டா, சர்ச்சுலேருந்து ஒரு பொம்பள எட்டிப் பாக்க மாட்டா. இந்த மேசைல நீயும் அந்த மெழுகுவத்தித் தண்டும்தான் உக்காந்திருப்பீங்க.

— அத நினைச்சுத்தான் இவ்வளவு நேரம் பதில் சொல்லாம இருந்தேன்.

— எனக்கு மட்டும் என்ன. என் சம்சாரம் எடித் போனதுக்கப்புறம் எனக்கும் ஞாயிற்றுக்கிழமைன்னா இந்த மேசைதான். பிரெஸ்காட் வீட்டுல போய் உக்காந்தா, அவன் பொண்டாட்டி என் காது கேக்காதுன்னு நினைச்சுக் கத்திப் பேசுறா. நீதான் மெதுவாப் பேசுவ.

— தெரியும், ஜட்ஜ்.

— தெரிஞ்சுமா வேண்டாங்குற?

— தெரிஞ்சுதான்.

— எனக்கு வயசாகுது, லெட்டி.

— எனக்கும்தான்.

— சரி. சரி, விடு. கோவத்துல ஏதோ சொல்லிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரேன், எப்பவும் போல வரேன். நீ எங்கயும் வர வேண்டாம். படில நிக்க வேண்டாம், பேச வேண்டாம். உடம்பு சரியில்லன்னு நான் சொல்லிக்குறேன். நீ செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்ல. இப்படியே இந்த நாற்காலில உக்காந்திரு. கொஞ்ச நேரத்துல ஆபீஸ் மூடிடும். அதுக்குள்ள நான் போய் ஜனத்துக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். 'என் தம்பி சம்சாரம் இந்தத் தடவ பேர் கொடுக்கல.' அதுல பொய் இல்ல, உனக்கு ஒரு அவமானமும் இல்ல. அது ஒண்ணே போதும், பிரெஸ்காட்டுக்கு வழி திறந்துடும். அத மட்டும் சொல்லிக்கட்டுமா, லெட்டி?

— சொல்லாதீங்க, ஜட்ஜ். நான் போன வாரமே பேர் கொடுத்துட்டேன்.